விய்யூர் ஃபயர் ஃபோர்ஸ் அகாடமியில் சேரப் போகிறேன், தமிழ் மீடியம்காரன், என்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கேரளா பி.எஸ்.சி. வழியாக ஃபயர் அண்ட் ரெஸ்க்யூ ஆபீசர் டிரெய்னி வேலைக்கு அட்வைஸ் மெமோ (வேலைக்குப் பரிந்துரைக்கிற கடிதம்) வந்துவிட்டது. எட்டு ஐட்டத்தில் ஐந்து பாஸ் ஆக வேண்டும் என்ற பிசிக்கல் டெஸ்ட், ஐம்பது மீட்டர் நீச்சலை 2 நிமிடம் 15 விநாடிக்குள் முடிக்கிற டெஸ்ட், எல்லாம் தாண்டிவிட்டேன். தோட்டத்துக் கிணற்றில் குதித்தே நீச்சல் பழகியவன், அதனால் அது கஷ்டமாக இல்லை. இனி திருச்சூர் விய்யூர் அகாடமியில் தங்கிப் பயிற்சி.

எனக்கு மூன்று கவலை. முதலாவது மொழி. படித்தது தமிழ் மீடியம். மலையாளம் பேசுவேன், கடையில் பஸ்ஸில் ஒரு தடங்கலும் இல்லை, ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், வேகமாக எழுத வராது. கிளாஸில் நோட்ஸ் எடுக்கச் சொன்னால் என்ன செய்வது?

இரண்டாவது உயரம். அப்பா கள் இறக்குகிறவர், தினமும் தென்னை ஏறி இறங்குகிறார். எனக்கோ மூன்றாவது மாடி மொட்டைமாடி ஓரத்தில் நின்றாலே கால் கூசும். டெஸ்ட்டில் கயிறு ஏறிவிட்டேன், அது அவ்வளவு உயரம் இல்லை. அங்கே ஏறிப் பழக டிரில் டவர் என்று உயரமான கட்டடம் இருக்கும் என்கிறார்கள்.

மூன்றாவது அம்மா. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்து ஊரில் கிணறு தூர் வார இறங்கிய ஒருவர் மயங்கி விழுந்தார், அவரைத் தூக்க இறங்கியவர் அவருடைய தம்பி. இரண்டு பேருமே திரும்பவில்லை. சித்தூரிலிருந்து ஃபயர் வண்டி வந்துதான் மேலே எடுத்தார்கள். நான் இந்த வேலைக்கு அப்ளை செய்ததே அதைப் பார்த்த பிறகுதான். அம்மாவும் அதைத்தான் பார்த்தார், அவர் சொல்வது என்னவென்றால், நாளைக்கு உன்னையும் அந்த மாதிரிக் கிணற்றில் இறக்குவார்கள் என்று. அவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பயிற்சி முடித்தவர்கள், எந்த மாநிலமானாலும் சரி, உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

---

உடுமலை ரிடையர்டு:

தம்பி, முதலில் வாழ்த்து. நான் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் தீயணைப்போராகச் சேர்ந்து முன்னணி தீயணைப்போராக ஓய்வு பெற்றவன். எனக்குப் பயிற்சி தாம்பரத்தில். உங்கள் அகாடமியின் உள்விவகாரம் எனக்குத் தெரியாது, அதைக் கேரளா பக்கத்துப் பிள்ளைகள் யாராவது சொல்வார்கள். ஹோஸும் ஏணியும் கயிறும் எல்லா ஊரிலும் ஒன்றுதான், அதைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மாவின் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் முக்கியமான கேள்வி. பக்கத்து ஊர்க் கிணற்றில் இறந்த அந்தத் தம்பிக்குத் தைரியம் குறைவா? இல்லை. அண்ணன் விழுந்ததைப் பார்த்தவுடன் இறங்கிவிட்டார், ரத்த பாசம் அப்படித்தான் இழுக்கும். ஹாஸ்டலில் போட்டு மாதக் கணக்கில் உன்னைத் தேய்ப்பதே அந்த இழுப்பை நிறுத்தத்தான். ஆள் விழுந்து கிடக்கிறான், மேலே பெண்கள் கதறுகிறார்கள், ஊரே "இறங்குய்யா, நீங்க எதுக்கு வந்தீங்க" என்று கத்துகிறது. அந்த நேரத்தில் நீ கரையில் நின்று முதுகில் மாட்டிய மூச்சுக் காற்றுச் சிலிண்டரின் மீட்டரைப் பார்க்க வேண்டும், இடுப்புக் கயிறு யார் கையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதற்கு முப்பது விநாடியோ ஒரு நிமிடமோ ஆகும். அந்த ஒரு நிமிடத்தைத் தாங்குகிற பழக்கம் வீட்டில் இருந்தபடி வராது.

கிணற்றுக் காற்றைப் பற்றி இப்போதே தெரிந்து வைத்துக்கொள், ஊரிலும் நாலு பேருக்குச் சொல். கார்பன் டை ஆக்சைடு சாதாரணக் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாம் சுவாசிக்கிற காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், அது பத்துக்குக் கீழே போய்விட்டால் ஆள் ஒரு சத்தம்கூடப் போடாமல் சாய்ந்துவிடுவான். தண்ணீரை வாரி வெளியே விட டீசல் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டுகிறார்கள் பார், அது இன்னும் மோசம். கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. சேறும் சாக்கடையும் கலந்த கிணற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், ஆனால் அளவு கூடிப்போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குவார்கள்.

நம் பக்கம் பெரியவர்கள் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் இல்லை என்று தெரியும், அதுவரை சரி. அணையவில்லை என்பதற்காக இறங்கக் கூடாது. மேலே சொன்ன இரண்டு விஷ வாயு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே வெடிக்கவும் வைக்கும். வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுப்பது, தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, இதெல்லாம் காற்றைக் கொஞ்சம் புரட்டும், உதவிதான். ஆனாலும் மூச்சுக் கருவி இல்லாமல் நாங்கள் யாரும் இறங்குவதில்லை.

அம்மாவிடம் இதைச் சொல். உன்னைக் கிணற்றில் இறக்குவார்கள், அது உண்மை, மறைக்காதே. ஆனால் முதுகில் காற்று இருக்கும், இடுப்பில் கயிறு இருக்கும், அந்தக் கயிற்றை மேலே நாலு பேர் பிடித்திருப்பார்கள். அந்தத் தம்பிக்கு இது எதுவும் இல்லை.

உயரத்துக்கு வருகிறேன். ஏணியின் அடி, சுவரிலிருந்து ஏணி உயரத்தில் நாலில் ஒரு பங்கு தள்ளி நிற்க வேண்டும், நாற்பது அடிக்குப் பத்து அடி. இதைக் கண்ணால் பார்த்தே சொல்கிற அளவுக்குப் பழக்குவார்கள். ஏறும்போது கீழேயும் பார்க்காதே, மேலேயும் பார்க்காதே, முகத்துக்கு நேரே வருகிற படியைப் பார். மேலே போய் இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமென்றால் லெக் லாக் என்று ஒன்று சொல்லித் தருவார்கள், ஒரு காலைப் படிக்கு உள்ளே விட்டு முழங்காலை மடக்கிப் பாதத்தைப் பூட்டிக்கொள்வது. முதல் தடவை அந்தக் கால் பூட்டில் உடம்பை நம்பி விட்டுவிட்டுக் கையை எடுக்கிறாய் பார், அதற்கு அப்புறம் உயரம் உனக்கு வேறு மாதிரித் தெரியும். எங்கள் பேட்ச்சில் நடுங்கின பையன்கள் பலர், அவர்களில் ஒருத்தனும் அந்தக் காரணத்துக்காக வீட்டுக்குப் போகவில்லை. பயமே இல்லாமல் ஏறினவர்களைத்தான் வாத்தியார் அதிகம் திட்டுவார், அவர்கள்தான் பூட்டுப் போட மறப்பார்கள்.

மோதிரம், கைச்செயின் எல்லாம் வீட்டில் வைத்துவிட்டுப் போ. ஏணியில் சறுக்கும்போது மோதிரம் மாட்டினால் விரலே உரிந்து வந்துவிடும். கோயில் கயிறு இருக்கட்டும், அது அறுந்துவிடும்.

---

சித்தூர் தமிழன்:

உடுமலை அண்ணா சொன்னது அத்தனையும் சரி. நான் கேரளா சர்வீஸில் இருக்கிறேன், விய்யூரில்தான் டிரெய்னிங், நானும் தமிழ் மீடியம். நம் தாலுகாவிலிருந்து ஒருத்தன் போகிறான் என்று கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

மொழியைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். கிரவுண்டில் டிரில் சொற்கள் பெரும்பாலும் இங்கிலீஷ்தான். வாட்டர் ஆன், வாட்டர் ஆஃப், நாக் ஆஃப், மேக் அப், கெட் டு வொர்க். கப்ளிங் (ஹோஸ்களை இணைக்கிற பூட்டு), பிராஞ்ச் (தண்ணீர் பீய்ச்சுகிற முனைக் குழாய்), சக்‌ஷன், ஸ்ட்ரெய்னர் (உறிஞ்சு குழாயின் வடிகட்டி), இதற்கெல்லாம் மலையாளத்துப் பையனும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறான். கிளாஸ் மலையாளத்தில் நடக்கும், காதால் கேட்டுப் புரிந்துகொள்வது நமக்குப் பிரச்சனை இல்லை. நோட்ஸைத் தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதிக்கொள், உன் நோட்டு உனக்குத்தானே. பக்கத்துக் கட்டில்காரனிடம் ராத்திரி ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து அவன் நோட்டைச் சத்தமாகப் படிக்கச் சொல், நீ அவனுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடு. எனக்கு மலையாள எழுத்து ஓடியது அப்படித்தான். ஸ்டேஷனுக்கு வந்த பிறகு ஆக்சிடெண்ட் ரிப்போர்ட் மலையாளத்தில் எழுத வேண்டி வரும், அதனால் இப்போதிருந்தே தினமும் பேப்பரில் ஒரு செய்தி படி. மலையாளத் தேர்வைப் பற்றி ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒரு தடவை நிதானமாகப் படித்துக்கொள்.

நாள் எப்படிப் போகும் என்று கேட்டால், அதிகாலை விசில், ஓட்டம், பி.டி., பரேடு, டிரில், கிளாஸ், சாயந்திரம் விளையாட்டு, ராத்திரி ரோல் கால். படுத்தால் தூக்கம் தானாக வரும். முதல் இரண்டு வாரம் உடம்பு சொன்ன பேச்சுக் கேட்காது, அப்புறம் சரியாகிவிடும்.

நான் சொல்ல வருவது ஹோஸைப் பற்றி. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு குழாய். டெலிவரி ஹோஸ் 63 மில்லிமீட்டர், ஒரு முனையில் ஆண் கப்ளிங், மறுமுனையில் பெண் கப்ளிங். சுருட்டி வைத்திருப்பதைக் கையில் எடுத்து, ஒரு வீச்சில் உருட்டிவிட்டு, ஓடி, மாட்டி, 'க்ளக்' என்று பூட்டு விழுகிற சத்தம் கேட்டபின் ஒரு தடவை பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். இந்த இழுத்துப் பார்ப்பதை நூறு தடவை செய்யச் சொல்வார்கள், ஒரு தடவை விட்டாலும் மறுபடி முதலிலிருந்து. நமக்கு எரிச்சல் வரும். ஆனால் சரியாகப் பூட்டாத கப்ளிங் பிரஷரில் கழன்றால் அந்தப் பித்தளைத் தலை காற்றில் அடிக்கிற அடியில் முழங்கால் சில்லு போய்விடும். 20 மில்லிமீட்டர் நாசிலில் 7 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக் காற்றின் அழுத்தம்) பிரஷர் வந்தால் பின்னுக்குத் தள்ளுகிற விசை சுமார் 45 கிலோ. பிராஞ்சைத் தனி ஆளாகப் பிடிக்காதே என்று சொல்வது அதனால்தான்.

இன்னொன்று, தண்ணீர்க் கணக்கு. தண்ணீர் சுமந்து வருகிற வாட்டர் டெண்டர் வண்டியில் 4500 லிட்டர் என்று வைத்துக்கொள். நிமிடத்துக்கு 450 லிட்டர் அடித்தால் பத்தே நிமிடம், முடிந்தது. அடுத்த தண்ணீர் எங்கே என்று வண்டி நிற்கும் முன்பே யோசிக்க வேண்டும். நம் சித்தூர்ப் பக்கத்துக் கிணற்றில் சக்‌ஷன் போட்டு எடுத்துவிடலாம் என்று நினைப்போம். பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சொன்னாலும், உண்மையில் மேலே தள்ளுவது வெளிக் காற்றின் அழுத்தம்தான். அதற்குக் கணக்குப்படி 10.3 மீட்டர்தான் எல்லை, நடைமுறையில் ஏழெட்டு மீட்டர் கிடைத்தால் பெரிது. கோடையில் நம் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று உனக்கே தெரியும். கிளாஸில் இதைச் சொன்ன அன்றைக்கு எனக்கு ஊர்க் கிணறு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது, எதில் வண்டி தண்ணீர் எடுக்கும், எதில் எடுக்காது என்று. இதை லீவில் ஊருக்கு வரும்போது நீயும் பார்த்து எழுதி வை, பிற்காலத்தில் இந்த ஸ்டேஷனுக்கே போஸ்டிங் வந்தால் உதவும்.

ஆற்று வேலைக்கு ஃபோர்ட் கொச்சியில் தனி வாட்டர் ரெஸ்க்யூ பயிற்சி நிலையம் நம் துறைக்கு இருக்கிறது, நீச்சலில் ஆர்வம் இருந்தால் பிறகு அங்கே போகக் கேட்டுப் பார். 2024 ஜூலையில் நம் சித்தூர்ப் புழாவில் குளிக்க இறங்கிய மைசூர்க் குடும்பம் ஒன்று, வயதான அம்மா உட்பட நாலு பேர், வெள்ளம் ஏறி நடு ஆற்றில் பாறையில் மாட்டிக்கொண்டதை டிவியில் பார்த்திருப்பாய். கயிறு கட்டி, ஒவ்வொருவராகக் கரைக்குக் கொண்டு வந்தது ஃபயர் ஃபோர்ஸ்தான். அம்மாவுக்கு அந்த வீடியோவைக் காட்டு.

---

கோபாலபுரம் அக்கா:

தம்பி, என் வீட்டுக்காரர் இந்த வேலையில்தான் இருக்கிறார், அதனால் அம்மா பக்கத்திலிருந்து ரெண்டு வார்த்தை. அவர்கள் இரண்டு பேரும் விஷயத்தைச் சொன்னார்கள், ஆனால் அம்மாவுக்குக் காற்றழுத்தமும் கப்ளிங்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. நீ போன பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய விஷயம். பகலில் போன் எடுக்க முடியாது, ராத்திரி இத்தனை மணிக்குத்தான் பேச முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. நீ எடுக்கவில்லை என்றால் உனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பட்டினி கிடப்பார்கள். எங்கள் மாமியார் அப்படித்தான் இருந்தார்.

முதல் மாதச் சம்பளம் கைக்கு வரக் கொஞ்சம் தாமதம் ஆகலாம். ஷூ, கேன்வாஸ், டிராக் சூட், மெஸ் பணம் என்று முதலிலேயே கை கடிக்கும். அப்பாவிடம் கேட்கக் கூச்சப்பட்டு யாரிடமும் வட்டிக்கு வாங்காதே. மெஸ்ஸில் மட்டை அரிசிச் சோறு, நமக்குப் பழகின சாப்பாடுதான், அதில் கஷ்டம் இல்லை. பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்துப் போ, புது ஷூ கடித்துக் கொப்புளம் வந்தால் உடைக்காதே.

பார்க்க விடுகிற நாளில் அம்மாவை ஒருமுறை அங்கே கூட்டிப் போ. பயிற்சி முடிகிற பாசிங் அவுட் பரேடு அன்றைக்குத்தான் என்று வைக்காதே. எங்கே படுக்கிறாய், யாரோடு இருக்கிறாய் என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும். என் மகளும் ஃபயர் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள், இப்போது பெண்களையும் எடுத்து விய்யூரிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். நான் தடுக்கவில்லை.

---

வாளையார் டிரைவர்:

ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் டேங்கர் ஓட்டுகிறேன், ரோட்டில் ஃபயர் வண்டி வருகிற வேகத்தையும் அவர்கள் வேலையையும் பார்த்துக் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் பயிற்சியில் ஏன் இவ்வளவு பரேடு? இடம் திரும்பு வலம் திரும்பு என்று வெயிலில் நிற்கவைக்கிற நேரத்துக்கு கேஸ் லீக், டேங்கர், கெமிக்கல் பற்றி இன்னும் சொல்லிக் கொடுக்கலாமே. கஞ்சிக்கோட்டில் அவ்வளவு கம்பெனி இருக்கிறது, ஹைவேயில் ராத்திரி பகல் எல்.பி.ஜி. ஓடுகிறது. அட்டென்ஷனில் நின்றால் தீ அணையுமா?

---

சித்தூர் தமிழன்:

அண்ணா, நியாயமான கேள்வி. கெமிக்கல் பாடம் இன்னும் கூட வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். குறிப்பாக நம் ரோட்டுக்கு. 2012 ஆகஸ்டில் கண்ணூர் சாலாவில் எல்.பி.ஜி. டேங்கர் கவிழ்ந்து வெடித்ததில் இருபது பேர் போனார்கள், அதைக் கேரளாவில் இந்த வேலையில் இருக்கிற யாரும் மறக்க முடியாது. எல்.பி.ஜி. திரவமாக இருந்து வாயுவாகும்போது இருநூற்றைம்பது மடங்குக்கு மேல் விரியும், காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து எங்கேயோ ஒரு வீட்டு அடுப்பைப் போய்த் தொடும். டேங்கர் கவிழ்ந்த இடத்தில் முதல் வேலை தண்ணீர் அடிப்பது அல்ல, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பதும், சுற்று வட்டாரத்தில் அடுப்பையும் வண்டி எஞ்சினையும் அணைக்கச் சொல்வதும்தான்.

ஆனால் பரேடு வேண்டாம் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. ஏணி டிரில்லில் ஆறு பேர் சேர்ந்து தூக்குகிறோம். ஒருத்தன் அரை விநாடி முந்தினால் மொத்த எடையும் மற்றவன் தோளில் இறங்கும். ஒரே சத்தத்துக்கு எல்லா உடம்பும் ஒன்றாக அசைவது கிரவுண்டில்தான் படிகிறது. புகைக்குள் கண் தெரியாத நேரத்தில் பின்னால் இருக்கிறவன் எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரிவது அங்கே நின்றதால்தான்.

பிரம்மபுரத்தையும் நினைத்துப் பாருங்கள். 2023 மார்ச் 2ஆம் தேதி கொச்சிக் குப்பைக் கிடங்கு பற்றிக்கொண்டது, புகை அடங்கப் பத்து நாளுக்கு மேல் ஆனது. மேலே தண்ணீர் அடித்தால் அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே பிளாஸ்டிக் கனிந்துகொண்டே கிடக்கும். ஜே.சி.பி. வைத்துக் குப்பையைக் கிளறி, கிளறின குழிக்குள் தண்ணீர் விட்டு, அடுத்த இடம், மறுபடி கிளறல், இரவும் பகலும் இதே வேலை. அங்கே சாகசம் ஒன்றும் கிடையாது. சொன்ன வேலையைச் சலிக்காமல் ஷிஃப்ட் ஷிஃப்ட்டாகச் செய்கிற உடம்பும் மனசும் வேண்டும். அது வெயிலில் நின்று வந்தது.

---

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, அம்மாவிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன், போன் நேரம் என்னவென்றுதான் முதலில் கேட்டார்.

உடுமலை ஐயா, இன்னும் ஒன்று. மூச்சுக் கருவி பற்றிச் சொன்னீர்கள். கோவிட் நேரத்தில் இரண்டு மாஸ்க் போட்டாலே எனக்கு மூச்சு முட்டும். முகத்தையே மூடுகிற அந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு இருட்டில் விடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் பதற்றம் வந்தால் என்ன செய்வது?

---

உடுமலை ரிடையர்டு:

நல்ல கேள்வி, பலருக்கும் இருக்கிற பயம், வெளியே சொல்ல மாட்டார்கள். துணி மாஸ்க்கில் மூச்சு முட்டுவது வேறு. இதில் சிலிண்டரிலிருந்து காற்று உன் முகத்துக்கு வந்துகொண்டே இருக்கும், உண்மையில் வெளியே இருப்பதைவிட நல்ல காற்று. முட்டுகிற மாதிரித் தோன்றுவது மனசு செய்கிற வேலை.

கணக்கைத் தெரிந்துகொண்டால் மனசு கொஞ்சம் அடங்கும். சிலிண்டர் ஆறு லிட்டர், அதில் 300 பார் அழுத்தம், அப்படியென்றால் 1800 லிட்டர் காற்று. மிதமான வேலைக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 45 நிமிடம் வர வேண்டும். ஆனால் ஏணியில் ஆளைத் தூக்கிக்கொண்டு பதறினால் அறுபது எழுபது லிட்டர் இழுப்பாய், அரை மணி நேரம்கூட வராது. சுமார் 55 பாருக்கு இறங்கியதும் விசில் அடிக்கும். விசில் கேட்டபின் கிளம்பலாம் என்று இருப்பவன் தப்பாகப் படித்தவன். மிச்சம் இருப்பது முந்நூற்றுச் சொச்சம் லிட்டர், ஏழெட்டு நிமிடம். உள்ளே போக எவ்வளவு காற்று ஆனதோ அதே அளவு வெளியே வரவும் வேண்டும், அதற்கு மேல் விசிலுக்கு உள்ள காற்று கையிருப்பாக மிச்சம் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் திரும்பிவிட வேண்டும்.

பதற்றம் வந்தால் நட, நின்று யோசிக்காதே என்று சிலர் சொல்வார்கள், நான் சொல்வது நேர் எதிர். நில். ஒரு கையைச் சுவரில் வை. மூச்சை உள்ளே இழுப்பதை மறந்துவிட்டு, வெளியே விடுவதை மட்டும் நீளமாக விடு. ஐந்தாறு மூச்சில் அடங்கும். அப்புறம் மீட்டரைப் பார், ஜோடிக்காரனைத் தொடு, அதற்குப் பிறகு நட. வலது சுவரைப் பிடித்துப் போனால் திரும்பும்போது அதே சுவர் இடது கைக்கு வரும், கையை எடுக்காமல் இருந்தால் வாசல் எங்கேயும் போகாது. முன்னால் காலைப் பாதி எடை வைத்துத் தட்டிப் பார்த்துத்தான் அடி எடுக்க வேண்டும், தரை இருக்கிறதா என்று.

இருட்டு அறைப் பயிற்சியில் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சி இடத்தில் அது நடப்பது நல்லது, அங்கே வாத்தியார் இருப்பார், கதவு திறக்கும். அப்படி வந்தால் மறைக்காமல் சொல், திரும்ப அதையே செய்யக் கேள். வீட்டில் ராத்திரி கரண்ட் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுவரைத் தடவி வந்து பழகு, செலவில்லாத பயிற்சி.

இன்னொன்று, முடிச்சு. பவ்லைன், குளோவ் ஹிட்ச், சேர் நாட், இந்த மூன்றையும் போகும் முன்பே கற்றுக்கொள். சேர் நாட்டில் இரண்டு கண்ணி வரும், ஒன்று அக்குளுக்கு, ஒன்று முழங்காலுக்கு அடியில். கிணற்றிலிருந்து ஆளை ஏற்ற அதுதான். நீ சொன்னாயே, அப்பா தென்னை ஏறுகிறவர் என்று, அவரிடம் கயிற்றைப் பற்றிக் கேள். பிரி தேய்ந்த கயிற்றை அவர் தொட்டவுடனே கண்டுபிடிப்பார், அதை நாங்கள் புத்தகம் வைத்துச் சொல்லித் தருகிறோம். தரையில் கிடக்கிற கயிற்றை மிதிக்காதே, மிதித்தால் மண் துகள் உள்ளே போய் இழையை அறுக்கும், உன் வாத்தியார் கத்துவார், அவர் கத்துவது நியாயம்.

ஏப்ரல் 14 அன்றைக்கு எல்லா ஸ்டேஷனிலும் மரியாதை செலுத்துவோம், நீயும் நிற்பாய். 1944இல் பம்பாய் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பல் வெடித்து அறுபத்தாறு தீயணைப்பு வீரர்கள் இறந்த நாள் அது. பஞ்சு மூட்டையும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் இருந்தன, பஞ்சில் பற்றிய தீயை அணைக்க நின்றவர்கள் அவர்கள். எந்த இடத்துக்குப் போனாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் கால் வைக்காதே என்று எங்கள் வாத்தியார் அன்றைக்குச் சொன்னதை நான் சர்வீஸ் முழுக்கக் கேட்டேன். குடோன் வாட்ச்மேனாக இருந்தாலும் சரி, கிணற்றுக்காரராக இருந்தாலும் சரி, முதலில் அவரிடம் கேள்.

---

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

அப்பாவிடம் கயிற்றைப் பற்றிக் கேட்டேன் ஐயா. பவ்லைன் மாதிரியே ஒரு முடிச்சு அவர் குடத்துக்குப் போடுகிறார், எனக்குக் காட்டித் தந்தார், ஒரு கையாலேயே போடுகிறார். சித்தூர் அண்ணா, பாலக்காட்டிலிருந்து காலையில் டிரெயின் பிடித்து வந்தால் ரிப்போர்ட் செய்யச் சரியாக இருக்குமா, இல்லை முதல் நாளே வந்துவிட வேண்டுமா?

---

சித்தூர் தமிழன்:

முதல் நாள் சாயந்திரமே திருச்சூர் வந்துவிடு. டிரெயினை நம்ப வேண்டாம், ரோட்டையும் நம்ப வேண்டாம். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றுக்கும் மூன்று செட் காப்பி, போட்டோ பத்து, ஒரு பூட்டு, ஒரு வாளி. ஷூவை இப்போதே வாங்கித் தினமும் போட்டு நட.